ஓகே: சம்மதமா, கேட்டுக்கொண்டேனா?

லண்டனிலோ டொராண்டோவிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், கூட வேலை பார்ப்பவரிடம் ‘இன்னொரு டீ சாப்பிடுறீங்களா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அவர் முகம் மலர்ந்து ‘ஐ ஆம் ஓகே’ என்கிறார். ஓகே சொல்லிவிட்டாரே என்று இவரும் டீ வாங்கி வந்து நீட்டுகிறார். வாங்கிக்கொண்டவர் முகத்தில் சின்னத் தயக்கம். காரணம், அவர் சொன்னது ‘வேண்டாம்’. ‘எனக்கு ஒன்றும் குறையில்லை, இப்போதைக்கு இது போதும்’ என்பதைத்தான் அந்த மூன்று சொற்களில் சொல்லியிருக்கிறார். அவருக்கு டீ வேண்டுமென்றால் ‘யெஸ், ப்ளீஸ்’ என்றிருப்பார்.

தமிழ் பேசும்போதே நாளைக்குப் பலமுறை நாம் சொல்லும் சொல் இது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். அதனாலேயே இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இது எங்கே ஆம், எங்கே இல்லை, எங்கே வெறும் ‘ம்’ என்பது அவ்வளவு எளிதாகப் பிடிபடுவதில்லை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். ஓகே என்பது பாராட்டு அல்ல. ‘தடையில்லை’, ‘குறையில்லை’ என்பதே அதன் அடிப்பொருள். ‘சாப்பாடு எப்படி இருந்தது?’ என்று கேட்கும்போது ஒருவர் ‘இட் வாஸ் ஓகே’ என்றால், நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுமார், சாப்பிட முடிந்தது, அவ்வளவுதான். ஆசிரியர் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ‘ஓகே’ என்றால் தேறிவிட்டது என்று பொருள், சிறப்பு என்றல்ல. இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. கணக்கின் விடை சரியா என்று கேட்பவரிடம் ஆங்கிலத்தில் ‘கரெக்ட்’ என்றோ ‘ரைட்’ என்றோதான் சொல்வார்கள். அங்கே ஓகே சொன்னால் பாதி மதிப்பெண் கொடுத்தது போல ஒலிக்கும். தமிழில் நம்முடைய ‘சரி’ இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது: விடையும் சரி, ‘போகலாமா?’ என்பதற்கும் சரி. அந்தப் பழக்கத்தில் நாம் ஓகேயை எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம்.

இதில் ஒரு விந்தை என்னவென்றால், ஓகே பிறந்ததே ‘எல்லாம் சரி’ என்ற பொருளில்தான். பிறந்த நாள்கூட அச்சில் கிடைக்கிறது: 1839 மார்ச் 23. இடம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பத்திரிகை, ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’. அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். அந்த ஆண்டுகளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பித்து பிடித்திருந்தது. எதையும் முதலெழுத்துகளாகச் சுருக்குவது; அதிலும் வேண்டுமென்றே எழுத்துப்பிழை செய்து சுருக்குவது. ‘ஆல் ரைட்’ என்பதைக் கொச்சையாக ‘ஓல் ரைட்’ என்று பிழையோடு எழுதி, ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். ‘நோ யூஸ்’ என்பதையும் கே, ஒய் எழுத்துகளில் தொடங்கும்படி பிழையாக எழுதி, ‘கே.ஒய்.’ என்றார்கள். இந்த வரிசையில் வந்ததுதான் ‘ஆல் கரெக்ட்’. முறைப்படி அதன் முதலெழுத்துகள் ஏ, சி. அதை ஓ-வில் தொடங்கும் ‘ஓல்’, கே-யில் தொடங்கும் ‘கொரெக்ட்’ என்று மாற்றி ‘ஓ.கே.’ ஆக்கினார்கள். இரண்டு சொல்லிலும் முதலெழுத்தே தவறாக இருக்கும் ஒரு ‘எல்லாம் சரி’; நகைச்சுவை அதில்தான். மணியடிப்பதைப் பற்றிய ஒரு வேடிக்கைச் சங்கத்தைக் குறித்த குறும்புச் செய்தி ஒன்றின் நடுவே இது அச்சாகியது. பக்கத்திலேயே ‘எல்லாம் சரி’ என்று விளக்கமும் போட்டார்கள், வாசகருக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று.

கூடப் பிறந்த ‘ஓ.டபிள்யூ.’, ‘கே.ஒய்.’ எல்லாம் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டன. ஓகே மட்டும் பிழைத்ததற்கு அரசியல் காரணம். 1840-இல் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். அதனால் ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்பது அவருக்குப் பட்டப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே. ஆதரவாளர்கள் நியூயார்க்கில் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கி, எங்கள் ஆள் ஓகே என்று முழங்கினார்கள். எதிர்க்கட்சியினரும் சும்மா இருக்கவில்லை. வான் பியூரனுக்கு முன்பு அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் கோப்புகளில் ‘ஓ.கே.’ என்று தப்பாக எழுதிக் கையெழுத்திட்டார் என்று கதை கட்டிவிட்டார்கள். வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். இரண்டு தரப்பும் மாறிமாறிப் பேசியதில் அந்த இரண்டெழுத்து நாடெங்கும் பரவிவிட்டது.

1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்சின் தந்திக் கம்பி வந்தது. அதன் பிறகு தந்தி அலுவலர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் ‘செய்தி வந்து சேர்ந்தது’ என்று சொல்ல ஒரு குட்டிச் சொல் தேவைப்பட்டது. ஓகே அந்த வேலைக்கு வசதியாக இருந்தது. ‘எல்லாம் சரி’ என்றிருந்த சொல் ‘கிடைத்தது’ என்றும் ஆனது இங்கேதான். இந்த இரண்டாவது பொருளை நினைவில் வையுங்கள்; கீழே அது தேவைப்படும்.

இந்தப் பிறப்புக் கதை நூறாண்டுக்கும் மேலாக மறந்துபோயிருந்தது. அந்த இடைவெளியில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். செவ்விந்தியரான சாக்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது என்பது ஒன்று. அதிபர் வுட்ரோ வில்சன் அதை நம்பி வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார். ‘ஓலா கலா’ என்ற கிரேக்கத் தொடர் என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியிலிருந்து வந்தது என்றும் சொல்லப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டி, 1963, 1964 ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பாஸ்டன் செய்தியையும் தேர்தல் கிளப்புகளையும் தேதி வாரியாக எடுத்து வைத்தார். அகராதிகள் இன்று ஏற்றுக்கொண்டிருப்பது அவர் காட்டிய வழியைத்தான். ஒரு சின்னச் சொல்லுக்காக ஒரு மனிதர் செலவிட்ட பொறுமையை எண்ணினால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

இனி பயன்பாடு. இலக்கணத்தில் இது எந்த இருக்கையிலும் உட்காரும். ‘திட்டத்துக்கு மேலதிகாரியின் ஓகே கிடைத்தது’ என்னும்போது பெயர்ச்சொல். ‘அவர் பில்லை ஓகே செய்தார்’ என்பதை ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லாகவே சொல்லலாம். ‘இந்த நேரம் உங்களுக்கு ஓகேவா?’ என்பதில் பெயரடை. இரண்டு பெரிய எழுத்துகளாகவும் எழுதலாம், நான்கு எழுத்தில் முழுச்சொல்லாகவும் எழுதலாம். இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

பேச்சில்தான் வேடிக்கை. கீழே விழுந்தவரிடம் ‘ஆர் யூ ஓகே?’ என்றால், ‘அடி ஏதும் படலையே?’ தெரியாமல் காலை மிதித்துவிட்டவர் மன்னிப்புக் கேட்கும்போது ‘இட்ஸ் ஓகே’ என்றால், ‘பரவாயில்லை’. வகுப்பில் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர் ‘ஓகே’ என்று ஆரம்பித்தால் அது சம்மதமே இல்லை. ‘சரி, இங்கே கவனிங்க’ என்கிறார். வாக்கியத்தின் கடைசியில் குரலை உயர்த்தி ‘ஓகே?’ என்றால், ‘புரிஞ்சுதா?’ அடுத்தடுத்து ‘ஓகே ஓகே’ என்றால், ‘சரி சரி, போதும், விடு’. ‘ஓகே...’ என்று இழுத்தால் சந்தேகப்படுகிறார், நீங்கள் சொன்னது அவருக்கு ஏறவில்லை. கைப்பேசியில் வெறும் ‘கே’ என்று ஒற்றை எழுத்தைப் பதிலாக அனுப்பினால் கோபமாக இருக்கிறார் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். அனுப்பியவர் அவசரத்தில் இருந்திருக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அது தெரியாது.

இவ்வளவு பொருளை ஒரே சொல் சுமக்கும்போது, அது தாங்காத இடமும் வரும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் கேனரி தீவுகளில், டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் நடந்தது அப்படிப்பட்ட ஒன்று. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்களை அந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் ஓடுபாதையை மூடுபனி மறைத்தது. கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு ஜம்போ அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லாமே வானொலிப் பேச்சில்தான் ஓடியது.

கோபுரம் கே.எல்.எம். விமானத்துக்குச் சொன்னது, கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதற்கான அனுமதி. கிளம்பும் அனுமதி இன்னும் தரப்படவில்லை. துணை விமானி வழியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருள்பட முடித்தார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு ‘ஓகே’ என்றார். ஓரிரு நொடி கழித்து, ‘காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்றார். அதே கணத்தில் பான் ஆம் விமானி, ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பேசத் தொடங்கினார். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியதால் கே.எல்.எம். விமானி அறையில் கீச்சென்ற ஒலிதான் கேட்டது. தெளிவாக வந்து சேர்ந்தது அந்த ஒற்றை ‘ஓகே’. விமானம் அதற்கு முன்பே உருளத் தொடங்கியிருந்தது. அந்தப் பதிலில் அதை நிறுத்தச் சொல்லும் எதுவும் இல்லை. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்றுவரை இதுவே மிக அதிக உயிர்ச்சேதம்.

பனி, அவசரம், நெரிசல், விமானியின் முடிவு என்று விபத்துக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. பழியை ஒரு சொல்லின் மேல் போட முடியாது. ஆனால் ‘கேட்டுக்கொண்டேன்’ என்று சொன்னவருடைய ஓகே, ‘ஆட்சேபம் இல்லை’ என்பது போல ஒலித்தது. விமானத் துறை அதிலிருந்து கற்றுக்கொண்டது. கிளம்பவும் இறங்கவும் தரும் அனுமதியை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஓகே என்று முடிக்கக் கூடாது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே உண்மையில் அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்ல வேண்டும். மற்றபடி வானொலியில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுதும் கிடைத்தது, அவ்வளவே. ‘வில்கோ’ என்றால் கிடைத்தது, அப்படியே செய்கிறேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆம். நாம் ஓகே என்ற ஒற்றைச் சொல்லில் திணித்திருக்கும் மூன்று பொருளை அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கணினித் திரையிலும் இதே சிக்கல் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லிசா கணினியை உருவாக்கியபோது, திரையில் பொத்தானுக்கு முதலில் ‘டூ இட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த எழுத்துருவில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு, முட்டாள் என்ற பொருள் தரும் வேறொரு ஆங்கிலச் சொல்லாகச் சிலர் கண்ணுக்குப் பட்டது. சோதித்துப் பார்க்க வந்த ஒருவர், ‘இந்த மெஷின் ஏன் என்னைத் திட்டுகிறது?’ என்னும்படி வருத்தப்பட, அதை ஓகே என்று மாற்றினார்கள். அந்தப் பொத்தான்தான் இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. ஆனால் டிக்கெட் பதிவுச் செயலியில் ‘டிக்கெட்டை கேன்சல் செய்யவா?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘ஓகே’, ‘கேன்சல்’ என்று இரண்டு பொத்தான்கள் வந்தால் எதை அழுத்துவது? டிக்கெட் வேண்டாம் என்பவர் ‘கேன்சல்’ பக்கம்தான் விரலைக் கொண்டுபோவார். அது கேள்வியை மூடும், டிக்கெட் அப்படியே இருக்கும். அதனால்தான் இப்போது வடிவமைப்பாளர்கள் ‘ரத்து செய்’, ‘வைத்துக்கொள்’ என்று செயலையே பொத்தானில் எழுதச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஓகே பிசகில்லாமல் வேலை செய்யும் ஓர் இடம் சினிமாப் படப்பிடிப்பு. இயக்குநர் ‘ஷாட் ஓகே’ என்றால் இந்தக் காட்சி முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே யார் சொல்கிறார், எதைப் பற்றிச் சொல்கிறார், சொன்னதும் என்ன நடக்கும் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. ‘பொண்ணு வீட்ல ஓகே சொல்லிட்டாங்க’ என்பது அப்படி இல்லை. ஜாதகத்துக்கா, தேதிக்கா, மாப்பிள்ளைக்கா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மண்டபம் பார்க்கப் போக வேண்டும்.

அலுவலக மின்னஞ்சலில் இதற்கு வழி இருக்கிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தர முடியுமா?’ என்ற கேள்விக்கு ஓகே என்று மட்டும் பதில் போட்டால், அனுப்பியவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்; நீங்களோ பார்த்துவிட்டேன் என்று மட்டும் நினைத்திருப்பீர்கள். பார்த்துவிட்டீர்கள் என்றால் ‘ரிசீவ்டு’ அல்லது ‘நோட்டட்’, முடியும் என்றால் ‘யெஸ், வெள்ளி மாலைக்குள் அனுப்புகிறேன்’, செலவுக்கு ஒப்புதல் என்றால் ‘அப்ரூவ்டு’ என்று எழுதுங்கள். உங்களுக்கு ஓகே என்று மட்டும் பதில் வந்தால், ‘அப்படியென்றால் திங்கட்கிழமை ஆர்டர் கொடுத்துவிடட்டுமா?’ என்று ஒரு வரி திருப்பிக் கேளுங்கள்.