யாருக்கு எதிரே யார்?
ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஆட்டத்துக்கு முன் நடக்கும் ஆட்டம்

தில்லி வெயிலுக்குத் தப்பி ஏப்ரல், மே மாதங்களில் மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய்த் தங்கி வரும் அன்பர்கள் நம்மிடையே ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறார்கள். திரும்பி வந்ததும் அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. "அங்கே எல்லாரும் ஒரு ஆட்டம் பார்க்கிறார்கள், சார். முட்டை மாதிரி ஒரு பந்து, ஒரே தள்ளுமுள்ளு. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேரன் மட்டும் சோபாவில் நின்று குதிக்கிறான்."

அந்த ஆட்டத்தின் விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் விதி தெரிந்தால் மட்டும் ஆட்டம் புரிந்துவிடாது. சனிக்கிழமை மைதானத்தில் நடப்பதில் பாதி, வியாழக்கிழமை மாலை அணிப் பட்டியல் வெளியாகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பேரனுடன் உட்கார்ந்து ரசிக்க வேண்டுமானால் அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் விதிகள். கிரிக்கெட் ஆடும் அதே வட்ட மைதானம்தான். நம் விராட் கோலி 2022 அக்டோபரில் பாகிஸ்தானை விரட்டி வென்றாரே, அந்த மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் இந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியும் நடக்கிறது. அணிக்கு 18 பேர் களத்தில். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் 1 புள்ளி. பந்தை உதைக்கலாம், கைமுட்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. 15 மீட்டராவது பறந்து வந்த உதையை ஒருவர் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். அவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக நின்று உதைக்கலாம். 'ஆஃப் சைடு' என்ற விதியே இல்லை. நான்கு பகுதியாக ஆட்டம். அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயங்களை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆஃப் சைடு இல்லாததால் யாரும் எங்கும் நிற்கலாம். எனவே எதிரணிக்காரன் ஒவ்வொருவன் பக்கத்திலும் நம் ஆள் ஒருவன் நின்றாக வேண்டும். இன்னொன்று, மார்க் பிடித்தால் கோல் அடிக்க நல்ல வாய்ப்பு. எனவே ஆகாயத்தில் வரும் பந்தை யார் பிடிப்பது என்பது பெரிய கேள்வி. இந்த இரண்டும் சேர்ந்துதான் 'மேட்ச்-அப்' என்று அவர்கள் சொல்லும் சங்கதி பிறக்கிறது. நம் ஊர்க் குஸ்தியில் ஜோடி போடுவது என்போமே, அதுதான். குஸ்தியில் ஒரு ஜோடி. இங்கே ஒரே சமயத்தில் பதினெட்டு ஜோடி.

பட்டியல் எப்படி இருக்கும்? ஐந்து வரிசை, வரிசைக்கு மூவர்: பின்வரிசை, அரைப் பின்வரிசை, நடுவரிசை, அரை முன்வரிசை, முன்வரிசை. ஆக 15 பேர். இவர்களைத் தவிர மூவர் பந்து போகும் இடமெல்லாம் ஓடுபவர்கள். அவர்களில் ஒருவர் 'ரக்'. நடுவர் பந்தை மேலே விட்டதும் எம்பித் தட்டிவிடும் நெட்டையர் இவர்தான். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களையும் சேர்த்தால் 2021 முதல் மொத்தம் 23 பேர். பத்திரிகைகளில் ஓர் அணியின் பின்வரிசைக்கு நேரே மற்ற அணியின் முன்வரிசையைப் போட்டு அச்சிடுவார்கள். மூன்று தடுப்பாளர்களுக்கு எதிரே மூன்று கோல் அடிப்பவர்கள். எதிரும் புதிருமாக அதைப் படித்தாலே பாதி ஆட்டம் கண்ணில் தெரியும்.

ஆனால் அச்சில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். முன்வரிசையில் பெயர் போட்டவர் ஆட்டம் தொடங்கும்போது பின்வரிசையில் நிற்பார். எதிரணியைக் குழப்ப கோச்சுகள் செய்யும் வேலை இது. பட்டியலில் இருந்து உறுதியாகத் தெரிவது யார் ஆடுகிறார்கள், யார் ஆடவில்லை என்பதுதான். யார் எங்கே என்பது ஊகம். அந்த ஊகத்தில்தான் அங்கே வெள்ளிக்கிழமை முழுவதும் டீக்கடைப் பேச்சு போல அலுவலகப் பேச்சு நடக்கிறது.

தேர்வுக் குழு உட்கார்ந்ததும் எழும் முதல் கேள்வி "நம்மில் சிறந்த 23 பேர் யார்" என்பது அல்ல. "அவர்களில் இன்னாரை நம்மில் யார் தாங்குவது" என்பதுதான். எதிரணியில் நெட்டையான கோல் அடிப்பவர்கள் மூவர் இருந்தால், நம்மிடம் நெட்டையான தடுப்பாளர் மூவர் வேண்டும். இருவர்தான் இருக்கிறார்கள் என்றால் மூன்றாவதாக ஓர் இளைஞனைச் சேர்க்க வேண்டும். அவனுக்காக நன்றாக ஓடும் ஒரு குட்டை ஆளை நீக்க வேண்டும். நீக்கினால் தரையில் உருளும் பந்தை யார் எடுப்பது? ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கால் வெளியே தெரியும் போர்வை இது. மழை பெய்யும் என்று வானிலைச் செய்தி வந்தால் கணக்கே மாறிவிடும். ஈரப் பந்தைப் பிடிப்பது கடினம், நெட்டையர்களின் மவுசு குறைகிறது, குட்டையர்களுக்கு யோகம்.

உயரத்தின் அருமையை 2018 அரையிறுதி ஆட்டத்தில் பார்த்தார்கள். அந்த ஆண்டு லீகில் முதலிடம் பிடித்த ரிச்மண்ட், முந்தைய ஆண்டின் சாம்பியன். எதிரே காலிங்வுட். அதில் மேசன் காக்ஸ் என்று ஓர் அமெரிக்கர். டெக்சாஸ்காரர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், உயரம் 211 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஏழு அடி! வளர்ந்து ஆளான பிறகுதான் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டவர். ரிச்மண்ட் தடுப்பாளர்கள் அந்த ஊரிலேயே மிகச் சிறந்தவர்கள். என்ன செய்ய? அவர்கள் கை எட்டும் இடத்துக்கு மேலே காக்ஸின் கை இருந்தது. இரண்டாம் பகுதியில் மட்டும் அவர் மூன்று கோல் அடித்தார். காலிங்வுட் 39 புள்ளியில் வென்றது. திறமையில் குறைந்தவர் திறமையில் மிகுந்தவரை வெல்வதற்கு ஜோடிப் பொருத்தம் ஒன்றே போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்காக நெட்டையர்களையே சேர்த்துக்கொண்டு போனால் வெற்றி என்றும் சொல்ல முடியாது. அதே ரிச்மண்ட் முந்தைய ஆண்டு 2017இல் கோப்பை வென்றது நேர் எதிரான வழியில். முன்வரிசையில் ஜாக் ரீவோல்ட் என்ற ஒரே நெட்டையர். அவரைச் சுற்றி டேனியல் ரியோலி, டான் பட்லர் போன்ற சிறிய, வேகமான ஆட்கள். உயரப் பந்தை இவர்கள் பிடிக்க மாட்டார்கள்தான்; ஆனால் பந்து தரையில் விழுந்துவிட்டால் எதிரணித் தடுப்பாளன் மூச்சு விட முடியாது, தேனீக் கூட்டம் போல மொய்த்துக்கொள்வார்கள். நெட்டையான தடுப்பாளர்களை நிறைய வைத்திருக்கும் அணிக்கு இது பெரும் தலைவலி. காவல் காக்கத் தகுந்த நெட்டை ஆளே எதிரில் இல்லை, குட்டையர்களைத் துரத்தவோ காலில் வேகம் இல்லை! இறுதிப் போட்டியில் அவர்கள் சந்தித்த அடிலெய்டு அந்த ஆண்டு லீகில் முதலிடம் பெற்ற அணி. ரிச்மண்ட் 48 புள்ளி வித்தியாசத்தில் வென்று 37 ஆண்டு வறட்சியை முடித்தது.

அந்த இறுதிப் போட்டியில் இன்னொரு தேர்வும் பேசப்பட்டது. ஜாக் கிரஹாம் என்ற 19 வயதுப் பையன். அதற்கு முன் பெரிய ஆட்டங்களில் ஆடியது மொத்தமே நான்கு. அடிலெய்டின் நடுவரிசைத் தூண் ரோரி ஸ்லோனைக் கவனிக்கும் பொறுப்பு இவனுக்கு. ஒரு லட்சம் பேர் முன்னால், ஐந்தாவது ஆட்டத்தில்! ஸ்லோனையும் அடக்கி, தானும் மூன்று கோல் அடித்துவிட்டான்.

ஒருவரையே நிழல் போலத் தொடர்ந்து அவர் ஆட்டத்தைக் கெடுக்கும் இந்த வேலைக்கு 'டேக்' என்று பெயர். இதைச் செய்பவன் தன் ஆட்டத்தை ஆடுவதில்லை. அவனுக்குப் புகழும் குறைவு, கூட்டத்தின் வசவு அதிகம். 2023இல் காலிங்வுட்டின் இளம் நட்சத்திரம் நிக் டைகோஸ் மேல் ஹாதார்ன் அணி ஃபின் மகின்னஸை ஏவிவிட்டது. வழக்கமாக ஓர் ஆட்டத்தில் முப்பது தடவைக்கு மேல் பந்தைக் கையாளும் டைகோஸுக்கு அன்று கிடைத்தது ஐந்தே தடவை. அதே ஆட்டத்தில் அவர் முழங்காலில் எலும்பு முறிவும் ஏற்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுப் பெருமையையும் மகின்னஸுக்கே கொடுத்துவிட முடியாது. பட்டியலின் அடி வரிசையில் இருந்த ஹாதார்ன் அன்று முதலிடத்தில் இருந்த காலிங்வுட்டை வென்றது.

முன்பெல்லாம் பயந்த கோச் கூடுதலாக ஓர் ஆளைப் பின்னால் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார். 2019இல் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். ஒவ்வொரு முறை நடுவில் ஆட்டம் தொடங்கும்போதும் பின்னால் ஆறு, நடுவில் ஆறு, முன்னால் ஆறு என்றுதான் நிற்க வேண்டும். கோல் விழுந்தால் மறுபடி நடுவில்தான் தொடக்கம். எனவே அந்தச் சில நொடிகள் ஜோடிகள் தப்ப முடியாமல் நேருக்கு நேர் மாட்டிக்கொள்கின்றன. பலவீனமான ஜோடி எது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

யார் எங்கே தொடங்குகிறார் என்ற செய்தி எவ்வளவு விலை உள்ளது என்பதற்கு 2011இல் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. காலிங்வுட் கேப்டன் நிக் மாக்ஸ்வெல் தடுப்பாட்டக்காரர். ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தில் அவரை முன்வரிசையில் தொடங்க வைக்க ரகசியமாகத் தீர்மானித்தார்கள். முதல் கோலை மாக்ஸ்வெல் அடிப்பார் என்று பந்தயம் கட்டினால் நூற்றுக்குப் பல நூறு கிடைக்கும், ஏனென்றால் வெளியில் யாருக்கும் இது தெரியாது. சக ஆட்டக்காரர் ஹீத் ஷா தன் பங்காக 10 டாலர் கட்டினார், நண்பரிடமும் சொன்னார். பத்து டாலர்தான்! 20,000 டாலர் அபராதம், 14 ஆட்டத் தடை (அதில் 6 நிறுத்திவைக்கப்பட்டது). வீட்டாரிடம் வாய்விட்ட மாக்ஸ்வெல்லுக்கும் அபராதம். ஆட்டக்காரன் நிற்கும் இடம் அணியின் சொத்து. அதை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்கூடச் சொல்லக் கூடாது.

இவை எல்லாம் மூளைக் கணக்கு. மனசைப் பிசையும் பக்கமும் உண்டு. கோப்பை வென்றால் பதக்கம், இறுதிப் போட்டி நாளன்று ஆடியவர்களுக்கு மட்டும்தான். ஆண்டு முழுவதும் உழைத்து, அன்று பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. 1993இல் எஸ்ஸெண்டன் அணியின் டெரெக் கிக்கெட் அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடியவர். இறுதிப் போட்டிக்குக் கோச் கெவின் ஷீடி அவரை நீக்கினார். அணி வென்றது, 44 புள்ளி வித்தியாசத்தில். ஜெயித்த அணித் தேர்வைக் குறை சொல்ல முடியாது என்பார்கள். எனக்கென்னவோ அந்தத் தீர்ப்பு அவ்வளவு எளிதாகப் படவில்லை. கிக்கெட் எஸ்ஸெண்டனை விட்டு சிட்னிக்குப் போனார். 1996இல் சிட்னி அணியோடு இறுதிப் போட்டி மைதானத்தில் இறங்கவும் செய்தார். அந்த அணி தோற்றது.

2010இல் இன்னும் விசித்திரம். காலிங்வுட்டும் செயிண்ட் கில்டாவும் 68-68 என்று சமமாக முடித்தன. ஒரு வாரம் கழித்து மறுபடியும் இறுதிப் போட்டி! அதாவது தேர்வுக் குழுவும் மறுபடி உட்கார வேண்டும். முதல் ஆட்டத்தில் ஆடிய அனுபவசாலி லியான் டேவிஸை நீக்கி டைசன் கோல்ட்சாக்கைச் சேர்த்தது காலிங்வுட். மறு ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவரே கோல்ட்சாக்தான். 56 புள்ளி வித்தியாசத்தில் கோப்பையும் கிடைத்தது. ஒரு வாரத்துக்கு முன் அந்த ஒரு புள்ளி விழுந்திருந்தால் டேவிஸ் கழுத்தில் பதக்கம் தொங்கியிருக்கும்.

2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் வென்றபோது, காயத்தால் ஆட முடியாத கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்துத் தன் பதக்கத்தையே அவருக்குப் போட்டார் கோச் லூக் பெவரிட்ஜ். மர்ஃபி பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்குள்ளவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது கண் கலங்குகிறார்கள்.

சரி, டி.வி. முன்னால் உட்கார்ந்ததும் எதைப் பார்க்க வேண்டும்? பந்தைப் பார்க்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம், யார் யார் பக்கத்தில் போய் நிற்கிறார் என்று பாருங்கள். அதுவரை ஊகமாக இருந்த ஜோடி அப்போதுதான் நிஜமாகும். பிறகு முதல் பகுதி முடிந்ததும் கவனியுங்கள்: எந்த ஜோடியைக் கோச் மாற்றினார்? மாற்றிய இடத்தில்தான் அவருக்கு வலிக்கிறது. அரை மணியில் உங்கள் பேரனிடமே "ஏண்டா, அந்த நெட்டையனுக்கு ஆளை மாத்திட்டாங்களே, பார்த்தியா?" என்று கேட்கலாம். பையன் திரும்பிப் பார்ப்பான்.

மெல்போர்ன் போக வழியில்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டப் பருவம் மார்ச் முதல் செப்டம்பர் வரை. ஏப்ரலுக்குப் பிறகு மெல்போர்ன் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். இறுதிப் போட்டி செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. அண்மை ஆண்டுகளில் அங்கே பிற்பகல் 2.30க்குத் தொடங்குகிறது, நமக்குக் காலை 10 மணி. அன்று பிள்ளைகளுக்குப் போன் போட வேண்டாம், எடுக்க மாட்டார்கள். வியாழக்கிழமை மாலை, பட்டியல் வந்த பிறகு கூப்பிடுங்கள். பேசுவதற்கு அவர்களிடம் நிறைய இருக்கும்.