மின் சிகரெட்டின் மின்கலம்: தீக்காய ஆபத்தும் சட்டத்தின் நிலையும்

'வேப்' எனப்படும் மின் சிகரெட்டு, மின்கலத்தின் ஆற்றலால் திரவத்தைச் சூடாக்கி, அதன் ஆவியை உள்ளிழுக்கச் செய்யும் கருவியாகும். பெரும்பாலான திரவங்களில் உள்ள நிகோடின் அடிமைப்படுத்தும் என்பதைப் பலர் அறிவர். அதன் மின்கலமும் கடும் தீக்காயத்தை உண்டாக்கக்கூடும் என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

மின்கலம் ஏன் தீப்பற்றுகிறது?

இக்கருவிகளில் லித்தியம் அயனி மின்கலம் உள்ளது. அது நசுங்கினாலோ, பொருத்தமற்ற சார்ஜரில் மின்னேற்றப்பட்டாலோ, வெயிலில் நிற்கும் வாகனத்தின் பெட்டியில் வைக்கப்பட்டாலோ உட்புறத் தடுப்புப் படலம் சிதையலாம். அப்போது வெப்பம் தானாகவே பெருகித் தீப்பற்றும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் இத்தகைய 195 நிகழ்வுகளைப் பதிவு செய்துள்ளது. அவற்றில் 133 பேர் காயமடைந்தனர். 61 நிகழ்வுகளில் கருவியோ மின்கலமோ ஆடையின் பையில் இருந்தது.

கழற்றக்கூடிய மின்கலம் பாதுகாப்பானதா?

முழுமையாக அன்று. தனியே கழற்றிய மின்கலம் பையிலுள்ள சாவி, நாணயம் ஆகியவற்றோடு உரசினால் மின்குறுக்கு ஏற்பட்டுத் தீப்பற்றலாம். உள்ளே பொருத்தப்பட்ட மின்கலத்தில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் பழுதடைந்தால் அதைப் பிரித்தெடுக்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயனரே எளிதில் கழற்றும் வகையில் அமைக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் பொருந்தும்.

இந்தியாவில் நிலை வேறு. தமிழ்நாடு அரசு 2018-இல் மின் சிகரெட்டுகளுக்குத் தடை விதித்தது. மத்திய அரசின் மின்னணு சிகரெட்டுகள் தடைச் சட்டம், 2019, உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கிறது. முழுக் கருவிக்கு மட்டுமன்றி அதன் பாகங்களுக்கும் தடை பொருந்தும். முதல் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, மறைவாக விற்கப்படும் கருவி எதற்கும் இங்கு தரச் சான்று கிடையாது.

தீக்காயம் ஏற்பட்டால் செய்ய வேண்டியவை

• கருவியை உடலிலிருந்து விலக்குக. எரியும் மின்கலத்தைக் கையால் எடுக்க வேண்டாம். அதன் புகையைச் சுவாசிக்க வேண்டாம்.
• காயத்தின் மீதுள்ள ஆடையை அகற்றுக. தோலில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம்.
• குழாய் நீரில் 20 நிமிடங்கள் குளிர்விக்க. கண்ணில் பட்டிருந்தால் தொடர்ந்து கழுவுக.
• பற்பசை, மை, மாவு, எண்ணெய், பனிக்கட்டி ஆகியவற்றைத் தவிர்க்க.
• 108 அவசர ஊர்தியை அழைக்க. முகம், கை, பிறப்புறுப்பு, தொடை ஆகிய இடங்களில் ஏற்பட்ட காயத்தைச் சிறிதெனக் கருத வேண்டாம்.

கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர், பெரியகுளம் அரசு மருத்துவமனைகளில் முதற்கட்டச் சிகிச்சை பெறலாம். உயர் சிகிச்சைக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

மருத்துவரிடம் உண்மையைக் கூறுக

மின்கலத்திலிருந்து கசியும் வேதிப்பொருள் தோலில் தங்கினால், தீ அணைந்த பின்னும் காயம் ஆழமாகலாம். வெந்நீர் கொட்டியது என்று மறைத்தால், வேதிக் காயத்திற்கான பரிசோதனை தாமதமாகும். கண்டிப்புக்கு அஞ்சி இளைஞர்கள் காரணத்தை மறைப்பதுண்டு. பெற்றோர் முதலில் சிகிச்சைக்கு அழைத்து வருக. விசாரணை பின்னர் இருக்கட்டும்.

வீட்டில் இத்தகைய கருவி இருப்பின்

மின்னேற்ற வேண்டாம், பிரிக்கவோ துளையிடவோ வேண்டாம். குப்பையோடு எரிப்பதும் ஆபத்தானது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி, மின்கலங்களை வீட்டுக் குப்பையில் கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். தூய்மைப் பணியாளரிடம் தரும்போது, உள்ளே மின்கலம் இருப்பதைத் தெரிவிக்கவும்.

பழக்கத்திலிருந்து விடுபட, தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.