'ஆளில்லாத ஊர்' ஆன கதை

"கூகுள் பிளஸ்னா என்ன சார்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டபோதுதான் அதை நானே மறந்துபோனது உறைத்தது.

2011 ஜூனில் தொடங்கிய அந்தச் சமூக வலைத்தளத்தை, ஃபேஸ்புக்குக்குச் சரியான போட்டி என்று தொழில்நுட்ப வலைப்பதிவர்கள் கொண்டாடினார்கள். இரண்டு வார அளவில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். அழைப்பு இருந்தால்தான் நுழையலாம்; நானும் காத்துக்கிடந்தேன். சில மாதங்களிலேயே 'ஆளில்லாத ஊர்' என்று எழுதத் தொடங்கினார்கள். ஒளிப்படக் கலைஞர்கள் அங்கே மும்முரமாகத்தான் இருந்தார்கள். ஆனால், ஆளில்லை என்று படித்தவர் எப்படிப் போவார்? போகாததால் எழுதியது மேலும் உண்மையானது.

பழி முழுவதும் எழுத்தின்மீது அல்ல. 90 விழுக்காடு வருகைகள் 5 விநாடிக்கும் குறைவு என்று 2018இல் கூகுளே சொன்னது. 2019 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

இரு வகைச் செய்திகளையும் வகுப்பில் படித்தோம். "இதில் எது சார் பொய்?" என்றாள். இரண்டையும் வெளியான தேதியோடு கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.