தக்காளி இலைப்பூசண நோயின் புதிய இனங்களை அடையாளம் காணுதல்

தக்காளி இலைப்பூசண நோயை உண்டாக்குவது பாசலோரா ஃபல்வா என்னும் பூஞ்சை. பழைய நூல்களில் இதன் பெயர் கிளாடோஸ்போரியம் ஃபல்வம். காற்றோட்டம் குறைந்த, ஈரப்பதம் மிகுந்த பசுமைக்குடில்களில் இது வேகமாகப் பரவும். இலையின் மேற்புறத்தில் வெளிர்மஞ்சள் திட்டுகளும், அவற்றுக்கு நேர் கீழே அடிப்புறத்தில் பச்சை கலந்த பழுப்பு நிறப் பூசணமும் தோன்றும்.

காட்டுத் தக்காளிகளில் இருந்த சி.எஃப் என்னும் எதிர்ப்பு மரபணுக்களைப் பயிர் இரகங்களில் சேர்த்து இந்நோயைத் தடுத்து வந்தனர். ஆனால் அத்தகைய இரகங்கள் பரவலானதும், அவற்றையும் தாக்கும் பூஞ்சை இனங்கள் தோன்றின. எதிர்ப்பு இரகத்தை நம்பிப் பயிரிட்டவருக்கு இழப்பு அப்போதுதான் தொடங்குகிறது.

புதிய இனம் நுண்ணோக்கியில் வேறுபட்டுத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது தக்காளிச் செடியே. நோயுற்ற இலையிலிருந்து ஒரே ஒரு வித்தை எடுத்து வளர்க்கிறார்கள். பல வித்துகள் கலந்தால் இரண்டு இனங்கள் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும். வளர்ந்த வித்துகளை நீரில் கலந்து, ஆளுக்கொரு சி.எஃப் மரபணு கொண்ட செடிகளின் இலை அடிப்புறத்தில் தெளிக்கிறார்கள். பிறகு செடிகளை ஈரமான சூழலில் வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறார்கள். இம்மரபணுக்கள் இல்லாத மணிமேக்கர் இரகமும் உடன் இருக்கும். அதிலேயே நோய் வரவில்லை என்றால் சோதனை செல்லாது.

எந்தச் செடிகள் நோயுற்றனவோ அவற்றின் மரபணு எண்களே இனத்தின் பெயர். சி.எஃப்-2, சி.எஃப்-4 இரண்டையும் மீறினால் அது '2.4' இனம். பெயரே தோற்ற எதிர்ப்பு மரபணுக்களின் பட்டியல் என்பதால் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை!

மீறுவது எப்படி? பூஞ்சை சுரக்கும் ஏவிஆர்9 என்னும் சிறு புரதத்தைக் கொண்டே சி.எஃப்-9 உள்ள செடி எதிரியை அறிகிறது. 1991இல் பிரித்தெடுக்கப்பட்ட இதன் மரபணுவே, பூஞ்சைகளில் இவ்வகையில் முதலாவது. சி.எஃப்-9ஐ மீறும் இனங்களில் இம்மரபணு முழுவதுமாக இல்லை, எனவே பி.சி.ஆர். சோதனையில் அதற்குரிய பட்டை தோன்றாது. டி.என்.ஏ. கெட்டிருந்தாலும் பட்டை தோன்றாது என்பதால், வேறொரு மரபணுவையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஏவிஆர்4 இன்னும் நுட்பமானது. அதில் பெரும்பாலும் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருக்கும். பட்டை வழக்கம்போல வந்துவிடும். அங்கே மரபணு வரிசையையே படித்தாக வேண்டும்.

வெப்பநாடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. சூடோசெர்கோஸ்போரா ஃபுலிஜெனா என்னும் வேறு பூஞ்சையால் வரும் கரும்பூசணமும் இதே போன்ற மஞ்சள் திட்டுகளைத் தரும். அதன் அடிப்புறப் பூசணம் கரிபடிந்ததுபோல் கறுத்திருக்கும்.