15-ஆம் படியில் நிற்பது யார்?

கரூர்ப் படுக்கை விரிப்போ, உறைய வைத்த இறாலோ, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலேறுவதற்குள் அதன் விவரம் பல கம்ப்யூட்டர்களைக் கடந்துவிடுகிறது. ஏற்றுமதியாளர், கஸ்டம்ஸ் ஏஜென்ட், சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றும் சிஎஃப்எஸ் யார்டு, டெர்மினல், கொழும்பு போகும் ஃபீடர் கப்பலின் ஏஜென்சி என ஆளுக்கொரு அலுவலகம், அலுவலகத்துக்கொரு பெட்டி. சுவரோரம் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை ஃபயர்வால் என்பார்கள், ரவுட்டர் என்பார்கள். வாங்கி மாட்டிய நாளுக்குப் பிறகு அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இணையத்திலிருந்து வரும் திருட்டைத் தடுக்கத்தானே அது என்ற நிம்மதி.

அந்த நிம்மதியைத்தான் இப்போது திருடர்கள் குறிவைக்கிறார்கள்.

2024 நவம்பர் 18 அன்று, ஃபயர்வால் தயாரிப்பில் முன்னணியில் உள்ள பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனம் தன் பான்-ஓஎஸ் மென்பொருளில் இருந்த இரண்டு ஓட்டைகளுக்குத் திருத்தம் வெளியிட்டது. முதல் ஓட்டை, பாஸ்வேர்டு இல்லாமலே நிர்வாகப் பக்கத்துக்குள் விட்டுவிடும். அதை ஆராய்ந்தவர்கள் கண்டது வேடிக்கையானது: பெட்டிக்கு அனுப்பும் கோரிக்கையின் தலைப்பில் ‘சரிபார்ப்பு வேண்டாம்’ என்னும் பொருளில் ஒரு வரி சேர்த்தால் போதும், பெட்டி அதை அப்படியே நம்பியது. இரண்டாவது, ‘அதிகார உயர்வு’ வகை. நிர்வாகப் பக்கத்துக்குள் இருப்பவர், பயனர் பெயர் என்ற போர்வையில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், பதிவேட்டில் பெயராகக் கிடக்க வேண்டிய அது கட்டளையாகவே ஓடியது, அதுவும் ‘ரூட்’ என்கிற உச்ச அதிகாரத்தோடு. சில நாட்களுக்குள் உலகெங்கும் சுமார் 2,000 பெட்டிகள் பறிபோயின என்று இணையக் கண்காணிப்பு அமைப்பான ஷேடோசர்வர் கணக்கிட்டது.

கவனிக்க வேண்டியது, ஓட்டையின் ஆபத்தை அளக்கும் மதிப்பெண். பத்துக்கு முதல் ஓட்டை 9.3, இரண்டாவது வெறும் 6.9. அதாவது ‘நடுத்தரம்’. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்தானே பயன்படுத்த முடியும் என்பது அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்கான வாதம். ஏட்டளவில் சரி. ஆனால் நடுத்தரம் என்ற சொல்லைப் பார்த்ததும், அடுத்த முறை ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோமே, அங்கேதான் கெடுகிறது. உள்ளே நுழைய ஒரு வழி, மேலே ஏற ஒரு வழி என்று இரண்டையும் சேர்த்துத்தான் திருடன் கணக்குப் போடுகிறான். நாம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோடுகிறோம்.

அதற்கு ஓராண்டு முன், ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் முறை. அதன் கருவிகளில் அதிகாரம் 0 முதல் 15 வரை படிகளாக இருக்கும். 15-ஆம் படியில் நிற்பவர் எதையும் செய்யலாம். 2023 அக்டோபர் 16 அன்று அந்நிறுவனம் அறிவித்த ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருள் ஓட்டையில், முகம் தெரியாத எவரும் தனக்கென 15-ஆம் படியில் ஒரு கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. மதிப்பெண் பத்துக்குப் பத்து. அந்தக் கணக்கைக் கொண்டு, இன்னோர் ஓட்டை வழியாக ரூட் வரை ஏறி, உள்ளே ஒளிந்திருந்து திருடனின் கட்டளையை ஏற்கும் ஒட்டுநிரலைப் பதித்தார்கள். பல்லாயிரம் கருவிகள் சிக்கின. பெட்டியை அணைத்துப் போட்டால் ஒட்டுநிரல் அழிந்துவிடும்; திருடன் உருவாக்கிய கணக்கு அழியாது. ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று எத்தனை அலுவலகங்கள் கோப்பை மூடியிருக்கும்!

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், குளியாளிகள் நடுக்கடலிலேயே சிப்பியைப் பிளந்து முத்தை ஒளித்துவிடாமல் இருக்கப் படகில் காவலாளியை ஏற்றி அனுப்பியதுண்டு. அந்தக் காவலாளியே விலைபோய்விட்டால் கரையில் எத்தனை கவனமாகச் சிப்பியை எண்ணினாலும் பயனில்லை. ஃபயர்வால் கைமாறினாலும் அதே கதிதான். அதன் வழியே போகும் பாஸ்வேர்டுகளைப் படிக்கலாம், பதிவுகளைத் திருத்தலாம், உள்ளே இருக்கும் சர்வருக்குப் பாதை போடலாம். கம்ப்யூட்டரில் இருக்கிற ஆன்டிவைரஸ் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள் கிடையாது.

துறைமுகத்தில் இதன் விலை என்ன? 2023 ஜூலை 4 அன்று ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் டெர்மினல் கணினி அமைப்பு முடங்கியது. பணம் கேட்டு மிரட்டும் கடிதம் பிரின்டரில் வந்து விழுந்தது. ஜூலை 6 வரை கன்டெய்னர் வேலை நின்றது. வெளியிலிருந்து இணைவதற்கு வைத்திருந்த விபிஎன் கருவி வழியாக நுழைந்திருக்கக்கூடும் என்று பிறகு அரசுக் குழு கூறியது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசநிரல் தாக்கியபோது மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் டெர்மினல் முடங்கியது. அது வந்தது உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக. ஆனால் உள்ளே வந்ததும் அது செய்தது அதே ஏற்றம்தான்: கணினி நினைவகத்தில் கிடந்த அட்மின் பாஸ்வேர்டுகளைப் பொறுக்கி, அந்த அதிகாரத்தோடு பக்கத்துக் கணினிகளுக்குத் தாவியது. மெர்ஸ்க் 45,000 கணினிகளில் மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் கூடங்குளம். அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான நெட்வொர்க்கில் ஒரு கணினியில் வேவு நிரல் இருப்பது 2019 செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டது. அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. முதல் நாள் மறுப்பு யாருக்கும் உதவவில்லை.

இனி ஒளிப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறிய ஏஜென்சிக்கும் இது பொருந்தும்.

தயாரிப்பாளர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. நிர்வாகப் பக்கத்தில் தட்டச்சு செய்த எழுத்து நேராக ரூட் வரை போகிற மாதிரி கட்டுவது சோம்பேறித்தனம். ஆனால் அவர்கள் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. இரவு பகலாகக் கப்பல் வரும் ஊரில் பெட்டியை அரைமணி நேரம் அணைக்க எவருக்கும் மனம் வராது என்பதும் தெரியும். இருந்தாலும் இந்த வாரம் உங்கள் ஏஎம்சி ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: நிர்வாகப் பக்கம் வெளி இணையத்திலிருந்து திறக்கிறதா? திறந்தால் அன்றே மூடச் சொல்லுங்கள். கடைசியாக அப்டேட் செய்தது எப்போது? உச்ச அதிகாரம் உள்ள கணக்குகள் எத்தனை, ஒவ்வொன்றும் யாருடையது? பெயர் சொல்ல முடியாத கணக்கு ஒன்று இருந்தாலும், அதை அழிப்பதற்கு முன் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள்.