சாலைகளின் கதை – 17: ஆளில்லாத இருபது வழிச்சாலை

மியான்மரின் தலைநகர் நேப்பிடாவில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஓடுவது இருபது வழிச்சாலை. எப்போதாவது ஒரு கார் போகும். அங்கிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே, யங்கோனின் பியே சாலையில், மாலை ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏறியவர் இறங்கி நடந்தே வீடு சேர்ந்துவிடலாம். ஒரே நாடு, ஒரே அரசு. தேவையில்லாத இடத்தில் இருபது. தேவைப்பட்ட இடத்தில் அதில் பாதிகூட இல்லை. அப்படியானால் யங்கோனுக்கு எத்தனை வழி வேண்டும்?

எட்டு வழிச்சாலை என்றதும் நமக்குச் சென்னை–சேலம் திட்டம் நினைவுக்கு வரும். 2018-ல் நாம் போட்ட சண்டை பெரும்பாலும் நிலத்தைப் பற்றியது. எட்டு எதற்கு, ஆறு போதாதா என்ற கணக்கை ஊர் கூடி யாரும் போடவில்லை. யங்கோனை வைத்து அதைப் போட்டுப் பார்க்கலாம்.

நம் தாத்தாக்கள் ரங்கூன் என்று சொன்ன ஊர் இது. 1852-ல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு, அலெக்சாண்டர் ஃப்ரேசர் என்ற ராணுவப் பொறியாளர் சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கக் கட்டம்போலத் தெருக்களைப் போட்டார். பெரிய சாலை 100 அடி, அடுத்தது 50, சந்து 30. அன்றைய ஃப்ரேசர் தெருதான் இன்றைய அனவ்ரஹ்தா சாலை. 1871-ல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில் அதில்தான் நிற்கிறது. 1906-ல் மின்சார டிராம் வந்தபோதும் 100 அடி தாராளமாகவே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு நீண்ட ராணுவ ஆட்சி. கார் இறக்குமதிக்கு அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஓடாய்த் தேய்ந்த பழைய டொயோட்டாவுக்குக் கேட்ட விலையில் நம் ஊரில் வீடே வாங்கியிருக்கலாம். 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்கும் தடை. ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சாலைகள் காலியாகக் கிடந்தன. 2011 செப்டம்பரில் புதிய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. நாற்பது வயதைக் கடந்த காரை ஒப்படைத்தால், வெளிநாட்டிலிருந்து ஒரு கார் இறக்கலாம். வயது வரம்பு பிறகு இன்னும் தளர்ந்தது. ஜப்பானில் ஓடி முடித்த கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. டாக்ஸி என்றால் டொயோட்டா ப்ரோபாக்ஸ் என்றாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1970-ல் ராணுவ ஆட்சியாளர் நே வின்னின் அரசு, இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த நாட்டை ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஜப்பான் கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஆக, ஓட்டுநர் சாலை ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே வருவது அவருக்குத் தெரியாது. முந்த வேண்டுமானால் பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணை நம்ப வேண்டும், இல்லையென்றால் வண்டியின் மூக்கை நடுக்கோட்டுக்கு மேல் நீட்டிப் பார்க்க வேண்டும். பொறியாளர் வரைபடத்தில் ஆறு கோடு போடலாம்; வண்டி அவற்றுக்குள் அடங்கினால்தானே அது ஆறு வழி?

நெரிசல் வந்ததும் மாநகராட்சி கை வைத்தது நடைபாதையில். நகர மையத்தில் நடைபாதைகளை வெட்டிச் சாலையோடு சேர்த்தார்கள். மிஞ்சிய இடத்தில் தேநீர்க் கடை முக்காலிகளும் தள்ளுவண்டிகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன. 2016 இறுதியில் அனவ்ரஹ்தா, மகாபந்தூலா சாலை வியாபாரிகளை ஸ்ட்ராண்ட் சாலையில் ஒரு இரவுச் சந்தைக்கு அனுப்பினார்கள். அடுத்தது மேம்பாலங்கள். 2013-ல் ஹ்லெடானில் ஒன்று, அதே ஆண்டு ஷ்வேகோண்டைனில் ஒன்று, பிறகு பயின்னவுங், மியேனிகோன் என்று வரிசை. ஹ்லெடானில் சிக்காமல் தப்பிய வண்டி மியேனிகோனில் போய் நின்றது. அங்கும் பாலம் வந்தது. குடத்தின் வயிற்றை எவ்வளவு பெரிதாக்கினாலும் தண்ணீர் வருவது கழுத்து வழியாகத்தான். நகரத்துச் சாலையின் கழுத்து, சந்திப்பு. அங்கே பச்சை விளக்கு பாதி நேரம்தான் எரியும் என்றால், ஆறு வழிச்சாலையும் மூன்று வழிச்சாலைதான்.

சந்திப்பே இல்லாத அகலமான விரைவுச்சாலைக்கும் நெரிசலிலிருந்து விலக்கு இல்லை. உச்ச நேரத்தில் விரைவுச்சாலை எவ்வளவு அகலமானாலும் நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே எழுதினார். ஹூஸ்டனின் கேட்டி விரைவுச்சாலையை 2008-ல் விரித்து முடித்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 வழி. ஆனால் 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலை நேரப் பயணம் அதில் 55 சதவீதம் நீண்டது. புது லேன் புது வண்டியை அழைத்து வருகிறது. இதை வெறும் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது ஆண்டுகள் கார் கிடைக்காத ஊரில் ஒருவர் கார் வாங்கி வெளியே வந்தால் அதில் என்ன தப்பு? கேள்வி, அவருக்காகச் சாலையின் எத்தனை பங்கை ஒதுக்குவது என்பதுதான்.

சிக்னல் உள்ள ஒரு லேனில் மணிக்கு ஆயிரம் கார் போனால் அதிகம். காருக்கு ஒன்றரை ஆள் என்றால் ஆயிரத்தைந்நூறு பேர். அதே லேனில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அறுபது பேரோடு போனால் மூவாயிரத்து அறுநூறு. யங்கோனுக்கு இது தெரியாமல் இல்லை. 2016 பிப்ரவரியில் குளிர்சாதன ‘பிஆர்டி’ (பேருந்து விரைவுப் போக்குவரத்து) பேருந்துகள் ஓடத் தொடங்கின. பெயரில் விரைவு இருந்தது, தனக்கென்று ஒரு லேன் இல்லை! காரின் பின்னால் அதுவும் நின்றது.

உண்மையான விரிவாக்கம் 2017 ஜனவரி 16 அன்று நடந்தது என்பேன். அதற்கு முன் பேருந்துகள் தனித்தனி முதலாளிகளுடையவை. ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் அன்றன்றைய வசூலில்தான் பிழைப்பு. பயணியைப் பிடிக்க ஒன்றையொன்று துரத்தும்; நிறுத்தத்தில் இரண்டு மூன்றாக அடைத்து நிற்கும். அங்கே சாலையின் பாதி போயிற்று. பியோ மின் தெய்ன் தலைமையிலான யங்கோன் பிராந்திய அரசு, நூற்றுக்கணக்கான வழித்தடங்களைச் சுருக்கி, ஒய்பிஎஸ் (யங்கோன் பேருந்து சேவை) என்ற பெயரில் ஒரே அமைப்பாக்கியது. முதல் நாட்களில் பெரும் குழப்பம், பேருந்து போதவில்லை, திட்டு வாங்கினார்கள். ஆனால் துரத்தலுக்கான காரணத்தில் கை வைத்தார்கள். எந்த மேம்பாலமும் அதைச் செய்யவில்லை.

எனவே என் விடை: பியே சாலைக்கு இன்னொரு லேன் வேண்டாம். இருப்பதில் ஒன்றைப் பேருந்துக்குக் கொடுத்து, வெட்டிய நடைபாதையைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அரசு வேறு விடை வைத்திருந்தது. 27.5 கிலோமீட்டருக்குத் தூண்கள் மேல் ஒரு வளைய விரைவுச்சாலை, நான்கு வழி. துறைமுகம், விமான நிலையம், மண்டலே நெடுஞ்சாலையை இணைப்பது. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சியோடு அது நின்றுபோனது. 1959-ல் வளையம் முடிந்த 45.9 கிலோமீட்டர் வட்ட ரயில் பாதை மட்டும் நகரைச் சுற்றிக் கிடக்கிறது.

(தொடரும்)