பசுவின் வழக்கு

திருவாரூரில் தன் கன்றைத் தேர்க்காலில் பறிகொடுத்த பசு, அரண்மனை வாயிலில் கட்டியிருந்த மணியைக் கொம்பினால் அசைத்து அரசனை வரவழைத்த வரலாற்றை, பெரியபுராணத்தில் படித்தவர்களும் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுமாகிய நாம், சோழ மன்னனின் நீதிக்கு உதாரணமாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். பசுவின் பக்கம் நின்று அக்கதையைப் பார்ப்பவர் அரியர். அது புல்லுக்கோ தண்ணீருக்கோ இரக்கம் வேண்டி வந்து நிற்கவில்லை. வழக்குத் தொடுக்க வந்தது. சாஸ்திரப்படி பிராயச்சித்தம் செய்துவிட்டால் போதும் என்று மந்திரிகள் எடுத்துக் கூறியபோது, கன்றை இழந்த தாய்க்கு அது நியாயமாகாது என்று மன்னன் மறுத்தான். பிராணிகளுக்கு உரிமை உண்டு என்று இன்று உலகெங்கும் வாதாடுகிறவர்களின் கட்சி, சுருக்கமாகச் சொன்னால், அந்த மன்னனுடைய கட்சியேயாகும்.

ஜீவகாருண்யம் நமக்குப் புதிதன்று. ஆனால் காருண்யம் என்பது கொடுப்பவனுடைய மனநிலையைப் பொறுத்தது. இன்று பிறக்கும், நாளை வற்றும். உரிமையோ, எதிரே நிற்பவனின் மனம் இளகினாலும் இளகாவிட்டாலும் அப்படியே நிலைத்திருப்பது. இந்த வேற்றுமையை ஆங்கில நாட்டில் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி சால்ட். 1892-இல் பிராணிகளின் உரிமைகளைப் பற்றி நூல் எழுதிய அவர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சைவ உணவை ஆதரித்து எழுதியிருந்த சிறு நூலொன்று, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியின் கைக்கு ஓர் உணவு விடுதியில் கிடைத்தது. தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டும் மாமிசத்தை ஒதுக்கி வந்த அந்த இளைஞர், அந்நூலைப் படித்த பின்னரே சைவ உணவை மனமார ஒரு தர்மமாக ஏற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து, வியட்நாம் யுத்த காலத்தில் அஹிம்சையைப் பற்றி ஆராயப் புகுந்த டாம் ரீகன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், மாணவப் பருவத்தில் கசாப்புக் கடையில் வேலை செய்தவர், காந்தியின் எழுத்துக்களால் உலுக்கப்பட்டு, 1983-இல் பிராணிகளின் உரிமைக்காகப் பெரியதோர் நூலையே இயற்றினார். லண்டனிலிருந்து ஓர் இந்தியரின் வழியே அமெரிக்காவுக்குச் சென்ற இந்த எண்ணத்தைப் பிறநாட்டுச் சரக்கு என்று நம்மவர்கள் தள்ளிவிடுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

ரீகனின் வாதம் எளியது. பேசவும் கணக்கிடவும் தெரியாத கைக்குழந்தைக்கு நாம் உரிமை மறுப்பதில்லை. ஏனென்றால், அதற்கென்று ஒரு வாழ்வு இருக்கிறது. அந்த வாழ்வு நன்றாகவோ தீமையாகவோ அமைவது, பிறருக்கு அதனால் ஏற்படும் பிரயோஜனத்துக்கு அப்பாற்பட்டு, அக்குழந்தைக்கே பொருட்டாகிறது. ஆசையும் அச்சமும் ஞாபகமும் தாய்ப்பாசமும் உடைய ஒரு பசுவின் விஷயத்தில் மட்டும் இந்த நியாயம் எவ்வாறு பொய்யாகும்?

மாமிசம் உண்ணாதவர்கள் இவ்விடத்தில் தங்களுக்குள் ஒரு திருப்தியை அடைவது உண்டு. அவர்களுடைய கவனத்தைத்தான் நான் முக்கியமாக வேண்டுகிறேன். காந்தி 1912-இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, பாலையும் விட்டுவிட்டார். கல்கத்தாவில் மாடு வளர்ப்போர் பசுக்களையும் எருமைகளையும் படுத்தும் சித்திரவதைகளை, மடியிலிருப்பதை முழுதும் கறந்துவிடுவதற்காகப் பிறப்புறுப்பில் காற்றை ஊதிச் செலுத்தும் 'பூக்கா' என்ற கொடுமை உட்பட, அவர் படித்து அறிந்தது அதற்கு ஒரு காரணம். பின்னர் நோயினால் உயிருக்கே ஆபத்து நேர்ந்த சமயத்தில், விரதம் பசுவின் பாலையும் எருமையின் பாலையும் பற்றியதுதானே என்று மனைவி கஸ்தூரிபாய் சொல்ல, ஆட்டுப்பால் அருந்த இணங்கினார். சொல்லைக் காத்து அதன் உட்பொருளை விட்டுவிட்டோமே என்ற வேதனை கடைசிவரை அவரைவிட்டு நீங்கவில்லை.

அன்று அவர் கண்டது தனிமனிதர்களின் கொடுமை. இன்று இருப்பதோ, யாரும் கொடியவராக இல்லாமலே நடந்தேறும் ஓர் ஏற்பாடு. மாடு கன்று ஈன்றால்தான் பால். ஆகவே ஈன்ற இரண்டு மூன்று மாதங்களிலேயே சினை ஊசி போட்டு, பால் தந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கன்றைச் சுமக்கச் செய்கிறார்கள். பிறப்பது கிடாரிக் கன்றானால் அதுவும் இதே வழியில் செல்லும். காளைக் கன்றானால், ஏரையும் வண்டியையும் டிராக்டர் எடுத்துக்கொண்டுவிட்ட காலத்தில், அதற்குத் தீனி போட யாருக்கு மனம் வரும்? 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: நாட்டில் எருமை நீங்கலாக மாடுகள் ஏறக்குறைய 19 கோடியே 25 லட்சம், அவற்றுள் பெண் மாடுகள் பதினான்கரைக் கோடி, ஆண் மாடுகள் ஐந்து கோடிக்கும் குறைவு. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகவே பிறக்கின்றன. குறைந்த தொகை எங்கே போயிற்று என்பதற்கு எந்த மாட்டுத் தரகரும் விடை சொல்வார். இருபது ஆண்டு வாழக்கூடிய பசுவும், நாலைந்து ஈற்றுக்குப் பின் மடி வற்றினால், பெரும்பாலும் அடிமாடாகிக் கன்று போன வழியிலேயே போகிறது. பாலைத் தனியாகவும் இறைச்சியைத் தனியாகவும் வைத்து நாம் எழுப்பியிருக்கும் சுவர் நம் மனத்தில் மட்டுமே இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? மதுரையில் பிறந்து, 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே பிராணிவதையைத் தடுக்க ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே விரிவான மசோதா கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். அந்த அம்மையாருக்கு இந்நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. பூக்காவை அச்சட்டம் குற்றமாக வைத்தது. ஆயினும் அதே சட்டம் மூக்கணாங்கயிறு குத்துவதையும் காயடிப்பதையும் உணவுக்காகக் கொல்வதையும் ஆராய்ச்சிக்கூடத்துப் பரிசோதனைகளையும் விலக்காக ஒதுக்கிவைத்தது. மிருகத்தை அடித்து வதைத்தவனுக்கு முதல் குற்றத்தில் அது விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பிராணி மனிதனின் உடைமை என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்ட எந்தச் சட்டமும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

நிலமில்லாத குடும்பத்துப் பெண் இரண்டு கறவைகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாளே, அவள் கதி என்ன என்று கேட்பவர்கள் நியாயமான கேள்வியைக் கேட்கிறார்கள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். வெண்மைப் புரட்சி என்ற பெயரில் 1970 முதல் திட்டமிட்டு, பொதுப் பணத்தையும் பயன்படுத்தி இத்தொழிலை இவ்வளவு பெரிதாக வளர்த்தது அரசாங்கம். அவளுக்கு வேறு ஜீவனோபாயம் அமைத்துத் தரும் பொறுப்பும் அதையே சாரும். உடல்நலத்தைப் பற்றிய அச்சமோ இதைவிட இலேசானது. எடைக்கு எடை பாலைவிடக் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; எள்ளும் நிலக்கடலையும் பருப்பும் நம் அடுக்களையில் என்றும் உள்ளவை; பி12 என்ற ஒரு வைட்டமினை மட்டும் மாத்திரையாகக் கொள்ளவேண்டியிருக்கும். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் யுத்தகாலப் பங்கீட்டுக்கு இடையிலேயே பாலும் முட்டையும் நீக்கிய நனிசைவ வாழ்வுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுக்கு இயன்றது, கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்து நகரவாசிக்கு இயலாதா?

ஆகவே, வேறு உணவு வாங்கும் வசதியும், இவ்வளவையும் படித்தறியும் வாய்ப்பும் உடைய வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நாளைக் காலைக் காப்பியிலிருந்து தொடங்குங்கள். பாலை விட்டுவிடுங்கள், வீட்டிலுள்ளோர் காரணம் கேட்டால், அந்தக் காளைக் கன்றுகளின் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.